நெற்றியில் எழுதிய ஆண்டு

நம்முடைய ஊர்களில் பழைய கடைத்தெரு எதிலாவது அண்ணாந்து பார்த்தபடி நடந்து பாருங்கள். மாடி வீடுகளின் முகப்பில் இரண்டு யானைகளுக்கு நடுவே கஜலக்ஷ்மி வீற்றிருப்பாள். அவள் காலடியில் சுதையில் ‘1927’ என்றோ ‘1934’ என்றோ எழுதியிருக்கும். கட்டியவருக்கு அதில் ஒரு தனிப் பெருமை. அந்த ஆண்டு இயேசுநாதரின் பிறப்பிலிருந்து எண்ணப்பட்டது என்பது பற்றி லக்ஷ்மிக்கும் ஆட்சேபம் கிடையாது. வீட்டுக்காரருக்கும் அந்த ஞாபகமே வந்திராது.

1640ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜப்பான் தேசத்தில், முகப்பில் இப்படி ஆண்டு எழுதியிருந்த ஒரு கிடங்கை, அந்த ஒரு காரணத்தைச் சொல்லி இடித்துத் தள்ளினார்கள். இடிக்கச் சொன்னவர் ஷோகனுடைய அதிகாரி. இடித்தவர்கள், கட்டிய டச்சு வியாபாரிகளேதான். கட்டி முடித்து ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. பலமான கல் கட்டடம். ஐரோப்பியக் கைத்திறன் என்று ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. உத்தரவு வந்த உடனே, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், ஆட்களைக் கூப்பிட்டுக் கடப்பாறையைக் கையில் கொடுத்துவிட்டார் அங்கிருந்த டச்சுத் தலைமைக் காரியஸ்தர். அவர் பெயர் பிரான்ஸுவா காரோன். அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இப்போதெல்லாம் வியாபார விஷயமாக ஜப்பானுக்குப் போகிறவர்களுக்கென்று கைக்கு அடக்கமான புத்தகங்கள் விற்கின்றன. விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் நீட்டு. வாங்கிய கார்டைப் படித்துப் பார்க்காமல் பைக்குள் போடாதே. சாப்பிடுகிற குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதே, அது இறந்தவர்களுக்குப் படைக்கிற முறை. வீட்டுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்று. (கடைசி உபதேசம் நமக்கு அவசியமில்லை.) எல்லாம் சரிதான். ஆனால் இவற்றில் ஒன்றிரண்டு தவறிப்போனாலும் எதிரே இருக்கிறவர் லேசாகச் சிரித்து மன்னித்துவிடுவார். நான் சொல்லப் போவது தலை போகிற விஷயம். பேச்சுக்காக அப்படிச் சொல்லவில்லை. அந்தக் காலத்து ஜப்பானில் மரியாதை தவறிய வியாபாரிகளின் தலை நிஜமாகவே போயிருக்கிறது.

டச்சுக்காரர்களின் முதல் கப்பல் ஜப்பான் கரையில் ஒதுங்கியது 1600ஆம் ஆண்டில். 1609இல் ஹாலந்திலிருந்து மாரிஸ் இளவரசரின் கடிதத்தோடு வந்தார்கள். நாட்டை ஒரு குடையின் கீழ்க் கொண்டுவந்திருந்த டோகுகவா இயெயாசு வியாபார அனுமதிச் சீட்டுக் கொடுத்தார். கியூஷூவின் வடமேற்கு மூலையில் ஹிராடோ என்ற சிறிய தீவில் பண்டகசாலை வைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த சரக்கு என்ன தெரியுமா? சீனத்துப் பட்டு, தைவான் மான்தோல், பிறகு நம் சோழமண்டலக் கரைத் துணி. பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டிக்கொண்டு அவர்கள் வாங்கிக் குவித்த துணிகளில் ஒரு பகுதி ஜப்பான் வரைக்கும் போயிற்று. கோடு போட்ட ஒரு ரகத் துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘சந்தோமே’. நம் மயிலாப்பூர்ச் சாந்தோம்தான்! போர்த்துகீசியர் வாயிலிருந்து அந்தப் பெயர் அவ்வளவு தூரம் பிரயாணம் செய்துவிட்டது. அங்கிருந்து திரும்புகிற கப்பலில் வெள்ளியும் செம்பும் வந்தன. நம் பக்கத்துக் கன்னார் தட்டிய குடங்களில் எத்தனை ஜப்பான் செம்போ, யார் கண்டது!

லாபம் கொழுத்த இந்த வியாபாரத்தை 1628இல் ஒரு மனிதர் ஏறக்குறைய மூழ்கடித்தார். அவர் பெயர் பீட்டர் நைட்ஸ்.

நைட்ஸ் சாமான்யர் அல்ல. லெய்டன் சர்வகலாசாலையில் தத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவர். லத்தீன் நூல்களில் கரை கண்டவர். கும்பினியில் சேர்ந்த சுருக்கிலேயே, இருபத்தொன்பதாவது வயதில், தைவானுக்குக் கவர்னர் உத்தியோகம். அதோடு ஜப்பானுக்கு விசேஷத் தூதர் என்ற பதவியும். கீழ்த்திசை நாடுகளில் அவருக்கு அனுபவம் என்று சொல்ல ஒன்றுமில்லை. 1627இல் எடோ நகரத்துக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, தம் பரிவாரத்துடன் புறப்பட்டார்.

எடோவில் அவரை அதிகாரிகள் கேட்ட முதல் கேள்வி, ‘நீங்கள் யாருடைய தூதர்?’ என்பதுதான். பதாவியாவில் இருக்கும் கவர்னர் ஜெனரலின் தூதர் என்றார் நைட்ஸ். பதாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. ஜப்பானியருக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. ஷோகனுக்குக் கடிதம் எழுதத் தகுதியுள்ளவர் இன்னொரு நாட்டை ஆளுகிறவர். கவர்னர் ஜெனரலோ ஒரு வியாபாரக் கும்பினியின் சம்பளக்காரர். ஒரு பெரிய ஜமீன்தாருக்கு இன்னொரு ஜமீன்தார் வீட்டுக் கணக்குப்பிள்ளை தன் கையெழுத்தில் சம்பந்தம் பேசிக் கடிதம் போட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. பணிந்து விளக்கம் சொல்லியிருந்தால் ஏதாவது வழி பிறந்திருக்கலாம். நைட்ஸோ தம் பதவியின் பெருமையைப் பற்றியே பேசினார். போதாக்குறைக்கு, தைவானில் டச்சுக்காரர்கள் சுங்கம் கேட்டு ஜப்பானிய வியாபாரிகளைத் தொந்தரவு செய்த வழக்கும் கிளம்பிற்று. ஹமாதா யஹேய் என்ற ஜப்பானியக் கப்பல் தலைவன் தைவான் கிராமவாசிகள் சிலரையே எடோவுக்கு அழைத்து வந்திருந்தான். நைட்ஸ் ஷோகனின் முகத்தைப் பார்க்காமலேயே திரும்பினார்.

திரும்பியவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடுத்த வருஷம் அதே ஹமாதா கப்பல்களோடு தைவானுக்கு வந்தபோது, அவனுடைய ஆயுதங்களைப் பறித்துவைத்தார். புறப்பட அனுமதி கொடுக்காமல் நாள் கடத்தினார். ஹமாதா கெஞ்சிப் பார்த்தான். ஒரு நாள் நைட்ஸின் வீட்டுக்குள்ளேயே அவர்மேல் பாய்ந்து பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டான். கடைசியில் ராஜி ஆயிற்று. கவர்னரை விட்டுவிடுவது, அவருக்குப் பதில் பிணையாகச் சில டச்சுக்காரர்களை ஜப்பானுக்குக் கொண்டுபோவது. அந்தப் பிணைகளில் ஒருவன் நைட்ஸின் சிறு வயது மகன் லாரன்ஸ்.

ஜப்பானில் டச்சு வியாபாரம் நின்றது. கிடங்குகளுக்கு முத்திரை விழுந்தது. நாலு வருஷம் கும்பினி என்னென்னவோ செய்து பார்த்தது. ஒன்றும் பலிக்கவில்லை. 1632இல், வேறு வழியில்லாமல், தங்களுடைய கவர்னராக இருந்த மனிதரையே பிடித்து ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஐரோப்பியக் கும்பினி ஒன்று தன் உயர்ந்த உத்தியோகஸ்தரை ஆசியா தேசத்து அரசு ஒன்றிடம் கைதியாகக் கொடுத்தது என்றால், அந்த வியாபாரம் எவ்வளவு பெறுமானமுள்ளது என்று ஊகித்துக்கொள்ளலாம். நைட்ஸ் ஹிராடோவில் காவலில் இருந்தார். சிஸரோ, ஸெனெக்கா, டாஸிட்டஸ் ஆகியோரைப் படித்துப் பொழுது போக்கினார். யானையைப் பற்றியும் நைல் நதியைப் பற்றியும்கூடக் கட்டுரைகள் எழுதினாராம். தன்னைக் காவலில் வைத்திருக்கிற நாட்டைப் பற்றி எழுத அவருக்குத் தோன்றவில்லை பாருங்கள்! மகன் லாரன்ஸ் அதற்கு முன்பே, 1631 டிசம்பரில், ஒமுரா என்ற இடத்துச் சிறையில் இறந்துபோயிருந்தான். கர்வத்தைப் பற்றி எவ்வளவோ கதைகள் எழுதுகிறோம். இந்தப் பையனைப் பற்றி யாரும் எழுதவில்லை.

1627இல் நைட்ஸுடன் எடோவுக்குத் துபாஷியாகப் போனவர் காரோன். அவருக்கும் அப்போது ஏறக்குறைய அதே வயதுதான். ஆனால் எவ்வளவு வித்தியாசம்! காரோன் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் ஓர் ஏழைப் புராடெஸ்டண்டு குடும்பத்தில் பிறந்தவர். கப்பல் சமையல்காரனுக்கு எடுபிடியாக வேலைக்கு வந்து, 1619இல் ஹிராடோவில் இறங்கியவர். சர்வகலாசாலை வாசனையே கிடையாது. ஜப்பானில் தங்கினார், ஜப்பானியப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார், குழந்தைகள் பிறந்தன. பாஷையைப் புத்தகத்தில் கற்கவில்லை. சமையற்கட்டிலும் சந்தையிலும் கற்றார். குழந்தையைத் தூங்கப் பண்ணுகிற பேச்சும், கோபித்துக்கொள்ளுகிற பேச்சும், பெரியவர்களிடம் மெல்லப் பணிகிற பேச்சும் அவருக்கு ஒன்றாகவே வந்து சேர்ந்தன. எஜமானர் போடுகிற அதட்டலை எடோ அதிகாரிகளின் காதுக்குப் பக்குவமான ஜப்பானிய மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டிய நிலையில் அந்தத் துபாஷியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. சரித்திரத்தில் அது இல்லை. விட்டுவிடுகிறேன்.

நைட்ஸுக்கு விடுதலை எப்படிக் கிடைத்தது என்பதும் சுவையான விஷயம். மனு எழுதிப் பார்த்தார்கள், சிபாரிசு பிடித்தார்கள். கடைசியில் வேலை செய்தது ஒரு விளக்கு. ஷோகன் இயெமிட்ஸு தம்முடைய பாட்டனார் இயெயாசுவைத் தெய்வமாகவே போற்றியவர். நிக்கோ மலையில் பாட்டனாருக்குக் கோயிலைப் புதுப்பித்துப் பிரம்மாண்டமாகக் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. 1636இல் டச்சுக்காரர்கள் பல கிளைகள் கொண்ட ஒரு பெரிய பித்தளைச் சரவிளக்கைக் காணிக்கையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எடுத்துப்போன கூட்டத்தில் காரோன் இருந்தார். ஷோகனுக்கு அளவில்லாத சந்தோஷம். விளக்கு நிக்கோவுக்குப் போயிற்று; நைட்ஸ் வீட்டுக்குப் போனார். பரிசு கொடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நமது கல்யாணங்களில் சீர் கொண்டுபோகிறவர்களுக்கு இது தெரியும். எவ்வளவு விலை என்பதை யாரும் முதலில் பார்ப்பதில்லை. யாரை நினைத்துக் கொண்டுவந்தார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். ஷோகனுக்கென்று ஆயிரம் பொருள் வந்து குவியும். பாட்டனாருக்கென்று வந்தது இந்த ஒன்று.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1643இல் டச்சுக்காரர்கள் அனுப்பிய சுழலும் பெரிய லாந்தர் ஒன்று அதே கோயிலில் இருக்கிறது. அதில் டோகுகவா வம்சத்தின் மூவிலைச் சின்னத்தைத் தலைகீழாகப் பதித்துவிட்டார்கள். ஹாலந்துக் கொல்லனுக்கு அது எந்தப் பக்கம் மேல் என்று எப்படித் தெரியும்? அரசருடைய சின்னம் தலைகீழ்! ஆனால் அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. லாந்தரை நிக்கோவுக்குப் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம். சின்னம் தலைகீழாகத்தான் இருக்கிறது.

தலைகீழான ராஜ சின்னம் மன்னிக்கப்பட்டது. முகப்பில் எழுதிய நாலு இலக்கம் மன்னிக்கப்படவில்லை. ஏன்? இதைப் புரிந்துகொள்ளாமல் காரோனைப் புரிந்துகொள்ள முடியாது.

ஷோகன் ஆட்சிக்கு அப்போது ஒரே ஒரு பயம். கிறிஸ்துவ மதம் பரவுகிறது, அதன் பின்னால் ஸ்பெயின், போர்த்துகல் ராஜாக்களின் படை வரும் என்ற பயம். 1614இலேயே பாதிரிமார்களை வெளியேறச் சொல்லி உத்தரவு போட்டார்கள். பிறகு கொடுமைகள் தொடர்ந்தன. அவற்றை இங்கே விவரிக்க நான் விரும்பவில்லை. 1637இன் கடைசியில் ஷிமபாரா பகுதிக் குடியானவர்கள், வரிக்கொடுமை தாங்காமல், கிறிஸ்துவக் கொடியோடு கலகம் செய்தார்கள். பாழடைந்த ஹாரா கோட்டைக்குள் பெண்டு பிள்ளைகளோடு புகுந்துகொண்டார்கள். முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கோட்டையைப் பிடிக்க அரசாங்கத்துக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. டச்சுக்காரர்களை உதவிக்குக் கூப்பிட்டார்கள். டச்சுக் கப்பல் ஒன்று கடலிலிருந்து இரண்டு வாரம் அந்தக் கோட்டையின் மீது குண்டு வீசிற்று. உள்ளே இருந்தவர்கள் கும்பிட்ட இயேசுவைத்தான் வெளியே குண்டு போட்டவர்களும் கும்பிட்டார்கள். கோட்டை விழுந்தபோது உள்ளே இருந்தவர்களில் அநேகமாக ஒருவரும் மிஞ்சவில்லை.

அப்போது காரோன் தலைமைக் காரியஸ்தர் அல்ல. அவருக்கு மேலே இன்னொருவர் இருந்தார். இருந்தாலும் இதைச் சொல்லாமல் டச்சுக்காரர்களின் சாமர்த்தியத்தை மட்டும் பாராட்டிவிட்டுப் போவது நியாயமாகாது. போன இடத்து மரியாதையை அனுசரிப்பது என்று ஆரம்பிக்கிற காரியம், முதுகை வளைப்பதோடு நின்றுவிடுவதில்லை. பீரங்கியைத் திருப்பும்படியும் கேட்பார்கள். மாட்டேன் என்றால் வியாபாரம் போய்விடும். கும்பினி வியாபாரத்தைத் தேர்ந்துகொண்டது.

1639இல் போர்த்துகீசியர்களை ஜப்பான் அடியோடு வெளியேற்றியது. அவர்களால் நம்ப முடியவில்லை. நூறு வருஷப் பழக்கம் அல்லவா? மக்காவ் நகரத்தார் மறு ஆண்டே நாலு பிரமுகர்களைத் தூது அனுப்பினார்கள். கப்பலில் சரக்கு எதுவும் கிடையாது. மன்றாட மட்டும் வந்திருக்கிறோம் என்று காட்டிக்கொள்வதற்காக. அனுப்பியவர்களுடைய எண்ணம் நல்லதுதான். ஆனால் ‘வந்தால் கொல்வோம்’ என்று சொன்னவர், அப்படியே செய்யக்கூடியவர் என்பதை அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. 1640 ஆகஸ்டில் நாகசாகியில் அந்தத் தூதர்களையும் கூட வந்தவர்களையும் சேர்த்து 61 பேரின் தலையை வெட்டினார்கள். கப்பலைக் கொளுத்தினார்கள். போய்ச் செய்தி சொல்வதற்கென்று 13 பேரை மட்டும் உயிரோடு திருப்பி அனுப்பினார்கள்.

இது நடந்து மூன்று மாதம் கழித்துத்தான் ஷோகனின் அதிகாரி இனோவுயே மஸஷிகே ஹிராடோவுக்கு வந்தார். கிறிஸ்துவர்களைத் துப்பறிந்து ஒழிப்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர் அவர். டச்சுக்காரர்களின் வீடு, கிடங்கு, கப்பல் எல்லாவற்றையும் சோதித்தார். பிறகு காரோனைக் கூப்பிட்டு உத்தரவைச் சொன்னார். கிறிஸ்துவ சகாப்த ஆண்டைக் கட்டடத்தின் முகப்பில் எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் போர்த்துகீசியரும் ஒரே மதம். ஆகவே அந்தக் கட்டடங்கள் எல்லாவற்றையும் இடித்துவிடவேண்டும், கடைசியாகக் கட்டியதிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

வேறு யாராவது என்றால் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘அந்த இலக்கத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிடுகிறோம்’ என்று சொல்லியிருப்பார்கள். நியாயமான யோசனை. ‘சரக்கை அப்புறப்படுத்த ஒரு வாரம் கொடுங்கள்’ என்று கேட்டிருப்பார்கள். அதுவும் நியாயம். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான். காரோன் வாதாடியிருந்தால் அங்கேயே அவரை வெட்டிப்போட ஆட்கள் தயாராக நின்றார்கள் என்று பிற்பாடு தெரியவந்ததாக டச்சுக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இருபது வருஷம் அந்த மனிதர்களோடு பழகிய காரோனுக்கு ஒன்று தெரிந்திருந்தது. அதிகாரி ஆண்டைப் பற்றிப் பேசவே இல்லை. ‘நீ கீழ்ப்படிவாயா, மாட்டாயா?’ என்ற கேள்வியைத்தான் கட்டடத்தை வைத்துக் கேட்கிறார். அதற்கு நியாயம் பேசுவது பதில் ஆகாது. ஷோகன் உத்தரவிட்டது எதுவானாலும் உடனே செய்கிறோம் என்று தலைவணங்கிச் சொன்னார். அன்றைக்கே மாலுமிகளையும் உள்ளூர்க் கூலிகளையும் இறக்கிச் சாமான்களை வெளியே கொண்டுவரச் செய்தார். இடிக்கும் வேலை ஆரம்பமாயிற்று. அதிகாரிக்கு எதிர்பாராத திகைப்பு. வாளை உருவ வந்தவர்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. (2011இல் ஹிராடோவில் அந்தக் கிடங்கைப் பழைய மாதிரியே மறுபடி கட்டியிருக்கிறார்கள். சுற்றுலாப் பிரயாணிகள் வருகிறார்கள்.)

இடித்ததோடு போகவில்லை. 1641இல் டச்சுக்காரர்கள் ஹிராடோவை விட்டு நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்ற செயற்கைத் தீவுக்குப் போகவேண்டும் என்று உத்தரவாயிற்று. போர்த்துகீசியரை அடைப்பதற்காகக் கட்டிய தீவு. அவர்கள் போனபின் காலியாகக் கிடந்தது. விசிறி வடிவம், நம் ஊர்ப் பெரிய கோயில் ஒன்றின் பிராகாரத்துக்குள் அடங்கிவிடும். ஒரே ஒரு பாலம், பாலத்தில் காவல். கப்பல் வந்தால் வேதப் புத்தகங்களைப் பீப்பாயில் போட்டு மூடி முத்திரை வைத்துவிடவேண்டும். தலைமைக் காரியஸ்தர் வருஷத்துக்கு ஒருவராக மாறவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். இன்னொரு காரோன் உண்டாகக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். பாஷை தெரிந்த, பழக்கம் தெரிந்த அந்நியன், தெரியாதவனைவிட ஆபத்தானவன் என்று ஜப்பானிய அதிகாரிகள் நினைத்தார்கள். அவர்கள் நினைத்தது தப்பில்லை. காரோன் 1641இல் பதாவியாவுக்குப் புறப்பட்டார்.

தெஜிமாவாசிகள் வருஷந்தோறும் பரிசுகளோடு எடோ சென்று ஷோகனை வணங்கவேண்டும். ஏங்கல்பர்ட் கேம்ப்ஃபர் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1691இலும் 1692இலும் அப்படிப் போய் வந்து விவரமாக எழுதியிருக்கிறார். காரியஸ்தர் மண்டியிட்டுக் கையூன்றித் தவழ்ந்துபோய், நெற்றி தரையில் படக் கும்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், வந்த மாதிரியே பின்னோக்கித் தவழ்ந்து வரவேண்டும். அதற்குப் பிறகு உள் மாளிகையில் இன்னொரு தரிசனம். ஷோகன் ட்ஸுனயோஷியும் அந்தப்புரத்து ஸ்திரீகளும் மூங்கில் தட்டிகளுக்குப் பின்னால் இருந்து பார்ப்பார்கள். மேலங்கியைக் கழற்று, நட, குதி, நாட்டியம் ஆடு, குடிகாரனைப் போல் தள்ளாடு, பாட்டுப் பாடு என்று உத்தரவுகள் வரும். கேம்ப்ஃபர் ஆடினார், பாடவும் பாடினார். படித்த வைத்தியர்!

இதை ஐரோப்பாவில் கேலி செய்யாதவர்கள் இல்லை. ஜோனதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட கல்லிவர் கதையில்கூட டச்சுக்காரர்களுக்கு ஒரு குத்து உண்டு. டச்சுக்காரன் வேஷத்தில் ஜப்பானுக்கு வரும் கல்லிவர், சிலுவையை மிதிக்கும் சடங்கிலிருந்து தனக்கு விலக்குக் கேட்கிறான். இதற்குத் தயங்குகிற முதல் டச்சுக்காரன் நீதான் என்று சக்கரவர்த்தி ஆச்சரியப்படுகிறார். கதை எழுதுகிறவர்களின் விஷமம் எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள். கேம்ப்ஃபரின் ஆட்டத்தை நினைத்தால் எனக்கு அவ்வளவு கோபம் வருவதில்லை. ஆடினவர் கண்ணைத் திறந்துகொண்டு ஆடினார். தட்டிக்குப் பின்னால் எத்தனை பேர், எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்துவைத்துக்கொண்டார். அவர் எழுதிய புத்தகத்திலிருந்துதான் ஐரோப்பா நெடுங்காலம் ஜப்பானைத் தெரிந்துகொண்டது. ஷிமபாராவை நினைத்தால் மட்டும் மனம் ஒப்பவில்லை. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று கேட்டால், அந்தக் கோடு தெஜிமாவில் யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. இருநூறு வருஷத்துக்கு மேல் அந்தத் தீவில், ஜப்பானோடு வியாபாரம் செய்த ஒரே ஐரோப்பியர்களாக அவர்கள் இருந்தார்கள்.

ஆங்கிலேயர் 1623இலேயே ஹிராடோவில் கடையைக் கட்டிவிட்டார்கள். ஐம்பது வருஷம் கழித்து, 1673இல், ‘ரிட்டர்ன்’ என்ற கப்பலை நாகசாகிக்கு அனுப்பி மறுபடி வியாபாரம் கேட்டார்கள். ஜப்பானிய அதிகாரிகள் ஏராளமான கேள்வி கேட்டார்கள். உங்கள் ராஜா போர்த்துகல் ராஜகுமாரியைக் கல்யாணம் செய்துகொண்டு எத்தனை வருஷம் ஆகிறது என்பது அவற்றில் ஒன்று. இரண்டாவது சார்லஸுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணோடு வந்த சீதனத்தில்தான் நம் பம்பாயும் அடக்கம். கப்பல் வந்த வழியே திரும்பிற்று.

காரோனுக்குப் பிறகு என்ன ஆயிற்று? 1644இல் இலங்கையில் நீர்கொழும்பைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார். தைவானுக்குக் கவர்னரானார், நைட்ஸ் உட்கார்ந்த அதே நாற்காலி. பதாவியாவில் கவர்னர் ஜெனரலுக்கு அடுத்த பதவிக்கு வந்தார். பிறகு சொந்த வியாபாரம் செய்ததாகக் குற்றச்சாட்டு. கும்பினியை விட்டு விலகினார். அறுபது வயதுக்கு மேல் பிரெஞ்சுக்காரர்களின் புதிய கும்பினியில் சேர்ந்தார். சூரத்தில் அவர்களுடைய முதல் பண்டகசாலையை 1668இல் ஏற்படுத்தினார். விசித்திரம் என்னவென்றால், ஜப்பானில் அவ்வளவு பொறுமையாக இருந்தவர், இங்கே கூட வேலை செய்த சொந்த ஆட்களோடு ஓயாமல் சண்டை போட்டார். வெளியாருக்கு என்று ஒரு நாக்கும் வீட்டாருக்கு என்று ஒரு நாக்கும் வைத்திருக்கிற மனிதர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

1672இல் பிரெஞ்சுக் கப்பற்படை திரிகோணமலைக்கு வந்து, அங்கே நிலைக்க முடியாமல், சோழமண்டலக் கரைக்குத் திரும்பிச் சாந்தோமைப் பிடித்தது. அந்த முயற்சியில் காரோனுக்கும் பங்கு உண்டு. சாந்தோம் என்ற பெயரை ஐம்பது வருஷத்துக்கு முன் ஹிராடோக் கிடங்கில் துணி மூட்டைக் கணக்கில்தான் அவர் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பிறகு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். 1673 ஏப்ரலில் லிஸ்பன் துறைமுகத்தின் வாயிலில் கப்பல் மூழ்கி இறந்துபோனார். அடுத்த வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் சாந்தோமை இழந்தார்கள். ஜப்பானில் அந்தக் கோடு போட்ட துணிக்குப் பெயர் மாறவில்லை. பிற்காலத்தில் அதை அவர்களே தங்கள் தறிகளில் நெய்துகொண்டபோதும் சந்தோமே என்றுதான் விற்றார்கள்.